ஒரு ராத்திரி, நாலு ஆஸ்பத்திரி, ஒரு டம்ளர்

அம்மாவுக்கு ஸ்ட்ரோக் வந்து ரெண்டரை மாசம் ஆகுது. இத எழுதலாமா வேணாமான்னு நெறைய நாள் யோசிச்சேன், எழுதுனா அந்த ராத்திரி நான் பண்ண முட்டாள்தனம் எல்லாம் வெளிய வரும். ஆனா போன வாரம் எங்க தெருவுல ஒருத்தருக்கு அதே மாதிரி ஆகி அவங்க வீட்லயும் நான் சுத்துன அதே ரூட்ல சுத்திருக்காங்க, அதக் கேட்டதும் சரி எழுதிருவோம்னு உக்காந்துட்டேன். நான் டாக்டர் இல்ல, நர்ஸ் இல்ல, ஒரு தனியார் ஸ்கூல்ல அக்கவுண்ட்ஸ் பாக்குறேன், அவ்ளோதான். மருத்துவ விஷயமா நான் சொல்றதெல்லாம் அன்னிக்கும் அதுக்கப்புறம் வார்டுல இருந்த 11 நாளும் டாக்டருங்க எனக்கு பொறுமையா சொன்னது, அப்புறம் நானே தேடிப் படிச்சது.

மார்கழி மாசம், வியாழக்கிழமை. வீட்டுக்காரர் ஷார்ஜாவுல, தம்பி ஓசூர்ல. வீட்ல நான், அம்மா, நாலாவது படிக்கிற என் பொண்ணு. அம்மாவுக்கு 64 வயசு, சுகர் பிபி ரெண்டும் உண்டு. சாயங்காலம் ஹால்ல டிவி பாத்துட்டு இருந்தவங்க கைல இருந்து டம்ளர் விழுந்து காபி எல்லாம் கொட்டிருச்சு. நான் கிச்சன்ல சப்பாத்திக்கு மாவு பெசஞ்சுட்டு இருந்தேன், "என்னம்மா"ன்னு கேட்டேன், "கை மரமரன்னு இருக்குடி"ன்னாங்க. கை மடிச்சு ஒக்காந்திருப்பாங்க, மரத்துப் போயிருக்கும்னு நெனச்சுட்டு, துணி எடுத்துட்டு வந்து தொடச்சுட்டு திரும்பி மாவுகிட்ட போயிட்டேன். அவங்க மூஞ்சியக் கூட நிமிந்து பாக்கல. சாப்பிடக் கூப்பிடப் போனப்பதான் வாய் ஒரு பக்கம் இழுத்திருக்கறதப் பாத்தேன், பேச்சு குழறுது, வலது கை தூக்க வரல. அப்ப மணி 8.40, சுவத்துல பாத்தேன், அது மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு.

பதட்டத்துல நான் பண்ண முதல் தப்பு, சுகர் கொறஞ்சிருச்சோன்னு சர்க்கரை தண்ணி கரைச்சு வாயில ஊத்துனது. பாதி உள்ள போச்சு, பாதி பொறை ஏறி இருமுனாங்க. வாய் கோணுனவங்களுக்கு முழுங்குற சக்தியும் போயிருக்கலாம், தண்ணி நேரா நுரையீரலுக்குப் போயிரலாம்னு அப்ப எனக்குத் தெரியாது. மூணாம் நாள் வார்டுல அம்மாவுக்கு காய்ச்சல் வந்து நெஞ்சுல சளி கட்டுனப்ப டாக்டர் முதல்ல கேட்டது "வீட்ல வாய் வழியா ஏதாவது குடுத்தீங்களா?". தண்ணி, காபி, மாத்திரை எதுவுமே குடுக்காதீங்க. சுகர் டவுட் இருந்தா வீட்ல மிஷின் இருந்தா குத்திப் பாருங்க, இல்லேன்னா போற எடத்துல முதல் வேலையா பாக்கச் சொல்லுங்க, ஏன்னா சுகர் ரொம்பக் கொறஞ்சாலும் பாக்க அச்சு அசல் ஸ்ட்ரோக் மாதிரியே இருக்குமாம்.

அடுத்த தப்பு, 108க்கு போன் பண்ணல. வர லேட் ஆகும், நம்ம தெரு சந்துக்குள்ள வராதுன்னு நானே முடிவு பண்ணிட்டேன். 2008ல இருந்து நம்ம ஊர்ல ஓடிட்டு இருக்கற வண்டி, ரோட்ல தெனம் பாக்குறேன், எனக்குன்னு வரும்போது நம்பர் ஞாபகம் இருந்தும் அழுத்தல. பொண்ண பக்கத்து வீட்டு அக்காகிட்ட விட்டுட்டு, ஆட்டோ புடிச்சு மெயின் ரோட்ல இருக்கற கிளினிக்குக்குப் போனேன். டாக்டர் கிளம்பப் போறாரு, செருப்பு மாட்டிட்டாரு. பிபி பாத்தாரு, 190க்கு 110. நாக்குக்கு அடில ஒரு மாத்திரை வெச்சாரு, "பிபி கூடிருக்கு, தூங்க வைங்க, காலைல கொறையலேன்னா பெரிய ஆஸ்பத்திரில காட்டுங்க"ன்னாரு. 300 ரூபா. ஸ்ட்ரோக் வர்றப்ப பிபி ஏறுறது பெரும்பாலும் மூளைக்கு எப்படியாவது ரத்தம் போய்ச் சேரணும்னு உடம்பே செய்யற வேலையாம், அத சடக்குன்னு இறக்குனா பாதிப்பு கூடத்தான் செய்யும்னு அப்புறம் தெரிஞ்சுகிட்டேன். அந்த மாத்திரையாலதான் இப்படி ஆச்சுன்னு சொல்ல மாட்டேன், யாராலயும் அப்படி சொல்ல முடியாது, ஆனா ராத்திரி படுத்தா அதுதான் ஞாபகத்துக்கு வருது.

எனக்கு மனசு கேக்கல, அதே ஆட்டோவுல பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு நர்சிங் ஹோம். ஒம்பதரை மணி. உடனே அட்மிஷன் போட்டாங்க, டிரிப்ஸ் ஏத்துனாங்க, 5,000 அட்வான்ஸ் கட்டுனேன், அப்பாடான்னு இருந்துச்சு. டிரிப்ஸ் ஏறுனா நமக்கெல்லாம் வைத்தியம் நடக்குதுன்னு ஒரு நம்பிக்கை வந்துருது பாருங்க, அதுதான் என்ன ஏமாத்துச்சு. அம்பது நிமிஷம் அங்க போயிருச்சு. டியூட்டி டாக்டர் வந்து "சிடி ஸ்கேன் இங்க கெடையாது, காலைல வெளிய எடுத்துட்டு வாங்க, அப்புறம் பாப்போம்"ன்னாரு. ஸ்ட்ரோக்ல ரெண்டு வகை, ரத்தக் குழாய் அடைச்சுக்கறது, இல்ல வெடிச்சு ரத்தம் கசியறது. வெளிய இருந்து பாத்தா எது எதுன்னு யாராலயும் சொல்ல முடியாது, வைத்தியம் ஒண்ணுக்கொண்ணு நேர் எதிர், ஸ்கேன் எடுத்தாதான் தெரியும். அதனால ராத்திரில சிடி ஸ்கேன் ஓடாத எடத்துக்கு இந்த மாதிரி கேஸ கூட்டிட்டுப் போறது நேரத்தக் குப்பைல போடுற மாதிரிதான். உங்க வீட்ல இருந்து பக்கத்துல எந்த ஆஸ்பத்திரில 24 மணி நேரமும் ஸ்கேன் இருக்கு, ராத்திரி டாக்டர் இருக்காருன்னு இன்னிக்கே விசாரிச்சு வெச்சுக்கோங்க, பதட்டத்துல விசாரிக்க முடியாது.

லண்டன்ல நர்ஸா இருக்கற சித்தி பொண்ணுக்கு வாட்ஸ்அப்ல போட்டோ அனுப்பிருந்தேன், அவ உடனே கூப்பிட்டா. "அக்கா அங்க என்ன பண்ணிட்டு இருக்க, நாலரை மணி நேரம்தான் இருக்கு, கிளம்பு"ன்னு கத்துனா. அப்பதான் எனக்கு நாலரை மணி நேரக் கணக்கே தெரியும். அடைப்பா இருந்தா அந்த ரத்தக் கட்டியக் கரைக்க ஒரு ஊசி இருக்கு, பொதுவா ஆரம்பிச்ச நேரத்துல இருந்து நாலரை மணி நேரத்துக்குள்ள போட்டாகணும், அதுலயும் எவ்ளோ சீக்கிரம் போடுறாங்களோ அவ்ளோ நல்லது. பெரிய அடைப்பா இருந்தா நிமிஷத்துக்கு சராசரியா 19 லட்சம் நரம்பு செல் சாகுதுன்னு 2006ல ஒரு அமெரிக்க டாக்டர் கணக்கு போட்டு எழுதிருக்காரு. நான் ஆட்டோகாரர்கிட்ட 20 ரூபாய்க்குப் பேரம் பேசுன நிமிஷமும் அதுல சேத்திதான்.

நர்சிங் ஹோம்ல "எங்க சொந்தப் பொறுப்புல கூட்டிட்டுப் போறோம்"னு கையெழுத்து வாங்கிட்டு 3,800 புடிச்சுகிட்டு மிச்சத்தக் குடுத்தாங்க. அவங்க சொல்லிவிட்ட தனியார் ஆம்புலன்ஸ், மாவட்டத் தலைநகருக்கு 2,500. வண்டில இருந்தது டிரைவர் மட்டும்தான், ஆக்சிஜன் சிலிண்டர் இருந்துச்சு, அதத் திருப்பத் தெரிஞ்ச ஆள் இல்ல. 108ல போயிருந்தா கூட ஒரு டெக்னீசியன் இருப்பாரு, எந்த ஆஸ்பத்திரி சரின்னு அவருக்குத் தெரியும், போய்ச் சேர்றதுக்கு முன்னாடியே கேசுவாலிட்டிக்குத் தகவல் சொல்ற ஏற்பாடும் இருக்கு, காசும் கெடையாது. இதெல்லாம் பின்னாடி தெரிஞ்சு என்ன பண்றது.

டிரைவர்கிட்ட ஜி.ஹெச்சுக்குப் போங்கன்னு சொல்லாம பெரிய தனியார் ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு சொன்னது நான்தான். ஏன்னா ஜி.ஹெச்ல கூட்டம், அங்க போனா பாக்க மாட்டாங்கன்னு எனக்குள்ள ஊறிப்போன எண்ணம். 10.50க்கு அங்க போனோம். நல்லா ஏசி போட்ட எமர்ஜென்சி, ஆனா அங்கயும் எல்லா பெட்லயும் ஆள். சிடி ஸ்கேன் சீக்கிரமாவே எடுத்தாங்க, அதக் கொற சொல்ல முடியாது. 4,000. "ரத்தக் கசிவு இல்ல, அடைப்புதான், ஊசி போடணும், ஐசியு வேணும், முதல்ல அம்பதாயிரம் கட்டுங்க"ன்னாங்க. என் அக்கவுண்ட்ல 31,000 இருந்துச்சு. தம்பிக்கு போன் பண்ணி அவன் அனுப்பிட்டு இருக்கும்போதே இன்னொருத்தர் வந்து "ஐசியுல பெட் இல்ல மேடம், இங்கயே ரெண்டு பேர் காத்துட்டு இருக்காங்க, வேற எடம் பாத்துக்கோங்க"ன்னுட்டாரு. எமர்ஜென்சி சார்ஜ்னு 2,200. அந்த எடத்துல நான் அழல, கோவமும் வரல, காது அடைச்ச மாதிரி ஆயிருச்சு.

இத ஏன் விரிவா சொல்றேன்னா, பெட் இல்லேன்னு அனுப்புறது நமக்கு மட்டும் நடக்கறதில்ல. 1992ல மேற்கு வங்காளத்துல ஹக்கீம் ஷேக்குன்னு ஒரு விவசாயக் கூலி ரயில்ல இருந்து விழுந்து தலைல அடி, ஒவ்வொரு அரசு ஆஸ்பத்திரியா கூட்டிட்டுப் போனா எங்கயும் எடம் இல்ல வசதி இல்லன்னு அனுப்பிட்டாங்க, கடைசில தனியார்ல காசு கட்டிப் பொழச்சாரு. அந்தக் கேஸ்ல 1996ல சுப்ரீம் கோர்ட், அவசர சிகிச்சை மறுக்கறது உயிர் வாழும் உரிமைய மீறுறதுன்னு சொல்லி அவருக்கு 25,000 ரூபா நஷ்ட ஈடும் குடுக்கச் சொல்லுச்சு. 1989லயே, அரசோ தனியாரோ உயிரக் காப்பாத்தறதுதான் டாக்டரோட முதல் கடமைன்னு இன்னொரு தீர்ப்பும் இருக்கு. நடைமுறைல ராத்திரி 11.30க்கு நாம தீர்ப்பு படிச்சுக் காட்ட முடியாது. ஆனா "சரி போறோம், எங்க அனுப்புறீங்கன்னு ஒரு ரெஃபரல் சீட்டு எழுதுங்க, என்ன பாத்தீங்க என்ன மருந்து குடுத்தீங்கன்னு நேரத்தோட எழுதுங்க, ஸ்கேன் பிலிம குடுங்க"ன்னு கேக்கலாம். ரிப்போர்ட் காலைலதான்னு சொன்னாங்க, நான் விடல, பிலிம வாங்கிட்டுதான் நகர்ந்தேன், கம்ப்யூட்டர் ஸ்கிரீனையும் போன்ல போட்டோ எடுத்துகிட்டேன். அன்னிக்கு நான் உருப்படியா செஞ்சது அது ஒண்ணுதான்.

ஜி.ஹெச் போக இன்னொரு 1,500. 11.45க்கு கேசுவாலிட்டி வாசல். நான் பயந்த கூட்டம் அப்படியே இருந்துச்சு, அதவிடக் கூடவே இருந்துச்சு. ஹெல்மெட் போடாத ரெண்டு பசங்க ரத்தத்தோட, பூச்சி மருந்து குடிச்ச ஒரு பொண்ணு, வயல்ல பாம்பு கடிச்ச பெரியவரு (கடிச்ச பாம்ப அடிச்சு மஞ்சப் பைல கொண்டு வந்திருந்தாங்க, சிஸ்டர் போட்ட சத்தத்துல பை வெளிய போச்சு), மூச்சு வாங்குற ஆளுங்க, காரிடார் முழுக்க ஸ்ட்ரெச்சர். ஆனா ஸ்ட்ரெச்சர் உள்ள நுழைஞ்ச உடனே ஒரு சிஸ்டர் வந்து அம்மா வாயப் பாத்தாங்க, ரெண்டு கையையும் தூக்கச் சொன்னாங்க, விரல்ல குத்தி சுகர் பாத்தாங்க (முதல் ரெண்டு எடத்துலயும் இத யாரும் செய்யல), "ரெட்"னு கத்துனாங்க. ரெண்டு நிமிஷம் கூட ஆகல. சிவப்பு, மஞ்சள், பச்சைன்னு பிரிச்சுதான் உள்ள அனுப்புறாங்க. உயிருக்கோ உறுப்புக்கோ ஆபத்துன்னா சிவப்பு, கொஞ்ச நேரம் தாங்கும்னா மஞ்சள், நடந்து வந்து பேசுறவங்க பச்சை. எனக்குப் பின்னாடி ஒருத்தர் "நாங்க ஏழு மணில இருந்து ஒக்காந்திருக்கோம், இப்ப வந்தவங்கள உள்ள விடுறீங்க"ன்னு சண்டை போட்டாரு. அவரு கூட வந்த பையனுக்குக் கால் சுளுக்கு. நாம சிவப்புன்னு எனக்கு ஒரு நிமிஷம் சந்தோஷமா இருந்துச்சு, இதுக்கெல்லாமா சந்தோஷப்படுறதுன்னு அடுத்த நிமிஷம் கூச்சமாவும் இருந்துச்சு.

அந்த பச்சைல நானும் ஒக்காந்திருக்கேன். ஆடி மாசம் பொண்ணுக்கு காய்ச்சல், காலைல ஓபிக்கு லீவு போட முடியல, ராத்திரி ஒம்பது மணிக்கு கேசுவாலிட்டிக்குக் கூட்டிட்டு வந்து ரெண்டு மணி நேரம் காத்திருந்து பாராசிட்டமால் வாங்கிட்டு, என்ன ஆஸ்பத்திரி இதுன்னு திட்டிட்டுப் போனேன். ஓபி மதியத்தோட முடிஞ்சுருது, வேலைக்குப் போறவங்க எப்பதான் வர்றது, எல்லாரும் ராத்திரி இங்கதான் வருவோம். டவுன்ல இப்ப சாயங்காலமும் தொறந்திருக்கற நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் எங்க ஏரியாவுலயே ஒண்ணு இருக்குன்னு எனக்குப் போன மாசம்தான் தெரியும். சந்தேகம்னா 104க்கு கூப்பிட்டுக் கேக்கலாம்.

ஆனா கூட்டத்துக்கு சுளுக்கும் காய்ச்சலும் மட்டும் காரணம் இல்லன்னு அங்க நின்னாதான் புரியும். பச்சை ஆளுங்க நாற்காலிலதான் ஒக்காந்திருக்காங்க, பெட்ட புடிச்சுட்டு இருக்கறது அவங்க இல்ல. "மதியம் வார்டுக்குப் போக வேண்டியவங்க ஒம்பது பேர் இன்னும் இங்கதாம்மா கெடக்காங்க, மேல எடம் காலியானாதான் அனுப்ப முடியும்"னு சிஸ்டர் சொன்னாங்க. மேல டிஸ்சார்ஜ் ஆகலேன்னா கீழ அடைச்சுக்கும், ரத்தக் குழாய் மாதிரியேதான். லண்டன் தங்கச்சியும் இதத்தான் சொல்றா, அங்க 100ல 95 பேர நாலு மணி நேரத்துக்குள்ள பாத்து அனுப்பணும்னு இலக்கு வெச்சிருக்காங்க, இங்கிலாந்துல 2015 ஜூலைக்கு அப்புறம் அந்த இலக்கத் தொட்டதே இல்லையாம், அங்கயும் காரிடார்லதான் படுக்கை.

இனிமேதான் எனக்கு எழுதக் கஷ்டமான பகுதி. ஒரு சின்ன வயசு டாக்டர், தூக்கமே இல்லாத கண்ணு, பிலிமப் பாத்துட்டு கேட்டாரு, "கடைசியா எப்பம்மா நல்லா இருந்தாங்க?". நான் "8.40க்கு பாத்தேன் சார்"னேன். "நீங்க எப்ப பாத்தீங்கன்னு கேக்கல, கடைசியா நல்லா இருந்தது எப்ப?"ன்னு திரும்பக் கேட்டாரு. நான் யோசிக்காம அதே 8.40ன்னு சொன்னேன். சரி 1.10 வரைக்கும் டைம் இருக்குன்னு கடகடன்னு வேலை நடந்துச்சு. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை ஏதாவது சாப்பிடுறாங்களான்னு கேட்டாங்க, நான் "ஒரு வெள்ள மாத்திரை, ஒரு சின்ன மஞ்சள் மாத்திரை"ன்னு சொல்றேன், அசிங்கமா இருந்துச்சு. சமீபத்துல ஆபரேஷன் உண்டா, எடை எவ்ளோ (ஊசி எடைக்குத் தக்கபடிதான்). மாத்திரை அட்டையையும் காப்பீட்டு அட்டையையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி பக்கத்து வீட்டு அக்காவுக்கு போன் பண்ணேன், என் போன்ல சார்ஜ் 6 சதவீதம். போன என் பொண்ணு புடுங்கிட்டா. "அம்மா, பாட்டி டம்ளர கீழ போட்டாங்கல்ல, அப்பவே வாய் ஒரு மாதிரி இருந்துச்சும்மா."

எப்படி தெரியும்னு கேட்டேன். அப்பதான் ஏழரை சீரியல் பாட்டு ஓடிட்டு இருந்துச்சாம்.

7.30ல இருந்து நாலரை மணி நேரம்னா 12 மணி. சுவத்துல மணி 12.10.

சொல்லாம விட்டுரலாமான்னு தோணுச்சு. பொய் சொல்லல, நெஜமாவே தோணுச்சு. பத்து நிமிஷம்தானே. அம்மா ஸ்ட்ரெச்சர்ல என்னையே பாத்துட்டு இருந்தாங்க. அப்புறம் போய் சொல்லிட்டேன். டாக்டர் ஒண்ணும் திட்டல, சீனியருக்கு போன் போட்டாரு, பேசிட்டு வந்து "ஊசி வேண்டாம்மா"ன்னாரு. நேரம் தாண்டிட்டா அந்த ஊசியால மூளைல ரத்தக் கசிவு வர்ற ஆபத்து, கெடைக்கற நன்மையவிடக் கூடிரும்னு நின்னு விளக்குனாரு, வெளிய அவ்ளோ கூட்டம் இருந்தும். கம்பி விட்டு கட்டிய எடுக்கற சிகிச்சை சிலருக்கு 24 மணி நேரம் வரைக்கும் கூட செய்யலாமாம், ஆனா அது பெரிய குழாய் அடைச்சவங்களுக்கு, அதுக்கான வசதி இருக்கற எடத்துல. அம்மாவுக்கு அடைச்சது சின்னக் குழாய். மத்த மாத்திரை மருந்தெல்லாம் ஆரம்பிச்சாங்க. விடியக்காலம் நாலு மணிக்கு தம்பி வர்ற வரைக்கும் நான் அந்த ஸ்ட்ரெச்சர் கம்பியப் புடிச்சுட்டே நின்னேன், பாத்ரூம் கூடப் போகல.

நேரா 8.40க்கே கிளம்பி ஜி.ஹெச் வந்திருந்தா ஒம்பதரைக்கு உள்ள இருந்திருப்போம், ரெண்டரை மணி நேரம் கைல இருந்திருக்கும். பயந்துகிட்டு ஒதுக்குன எடத்துலதான் கடைசில ரெண்டு நிமிஷத்துல பாத்தாங்க. மூணு எடத்துலயும் வண்டிக்கும் சேத்து அன்னிக்கு செலவு 14,300. ஜி.ஹெச்ல 11 நாளைக்கு சாப்பாடு, ஆட்டோ, ஸ்ட்ரெச்சர் தள்ற அண்ணனுக்கு டீக் காசுன்னு கையவிட்டு போனதத் தவிர வைத்தியத்துக்கு ஒண்ணும் வாங்கல. டீக் காசு குடுக்கக் கூடாதுதான், தெரியும், நடுராத்திரில தனியா நிக்கற பொம்பளைக்கு அந்த தைரியம் வரல. முதலமைச்சர் காப்பீட்டு அட்டைல வருஷத்துக்கு குடும்பத்துக்கு 5 லட்சம் வரைக்கும் உண்டு, அதுல சேந்த தனியார் ஆஸ்பத்திரி எதெதுன்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தா அம்பதாயிரத்துக்கு அந்த ஓட்டம் ஓடிருக்க மாட்டேன். அட்டை பீரோவுக்குள்ள பட்டுப்புடவைக்கு அடில பத்திரமா இருந்துச்சு.

இப்ப அம்மா கைத்தடி ஊனி நடக்கறாங்க, பேச்சு முக்காவாசி திரும்பிருச்சு, வலது கை மட்டும் இன்னும் சரியா வரல, இடது கைல சாப்பிடக் கூச்சப்பட்டுகிட்டு ஸ்பூன்ல சாப்பிடுறாங்க. பெரியம்மா ஒருத்தங்க புறா ரத்தம் தேச்சா சரியாகும்னு ரெண்டு தடவை வந்து சொல்லிட்டாங்க, நான் பிசியோதெரபிக்குக் கூட்டிட்டுப் போயிட்டு இருக்கேன், ஒரு தடவைக்கு 350. ஃபிரிட்ஜ் கதவுல அம்மாவோட மாத்திரை பேரு, எடை, ராத்திரில ஸ்கேன் ஓடுற ரெண்டு ஆஸ்பத்திரி பேரு, 108 எல்லாம் ஒரு பேப்பர்ல எழுதி ஒட்டிருக்கேன். அதையே போட்டோ எடுத்து தம்பிக்கும் பக்கத்து வீட்டு அக்காவுக்கும் அனுப்பிட்டேன். ஒரு பைல சார்ஜர், ஆதார், ரேஷன் கார்டு, காப்பீட்டு அட்டை ஜெராக்ஸ், 2,000 ரூபா சில்லறையா வெச்சு கதவுக்குப் பின்னாடி மாட்டிருக்கேன். அப்புறம், தனியா போகாதீங்க, யாரையாவது எழுப்பிக் கூட்டிட்டுப் போங்க, ஒருத்தர் சீட்டு வாங்கவும் ஸ்கேனுக்கு அலையவும், இன்னொருத்தர் ஸ்ட்ரெச்சர் பக்கத்துலயும் இருக்கணும். பக்கத்து வீட்டு அக்கா "என்னக் கூப்பிட்டிருந்தா எங்க வீட்டுக்காரர அனுப்பிருப்பேன்ல"ன்னு இன்னும் கோவமா இருக்காங்க.

பொண்ணு போன வாரம் படுக்கும்போது கேட்டா, "நான் அப்பவே வந்து சொல்லிருந்தா பாட்டிக்கு கை சரியாயிருக்குமாம்மா?"ன்னு. நீ பாத்ததாலதான் டாக்டருக்கு சரியான நேரம் தெரிஞ்சுது, இல்லேன்னா வேற பெரிய ஆபத்து ஆயிருக்கும்னு சொன்னேன். நெஜமும் அதான். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் "நீ டம்ளர் எடுக்க வந்தப்ப பாட்டிய பாக்கவே இல்லல்ல"ன்னா.